கேத்தரினாவின் கூந்தல்

முடி கருகும் நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார்த்திகை விளக்கேற்றக் குனிந்தபோது அக்காவின் முன்நெற்றி முடி 'சுர்'ரென்று பொசுங்கியதே, அதேதான். பஞ்சு எரிந்தால் அப்படி நாறாது. காகிதம் எரிந்தாலும் நாறாது. முடி, இறகு, கம்பளி இவற்றுக்கு மட்டும் ஏன் அந்த நாற்றம்?

கந்தகம்! பட்டாசு மருந்தில் இருக்கிறதே, அதே சமாசாரம் நம் எல்லோருடைய தலையிலும் இருக்கிறது. நல்லவேளை, வெடிப்பதில்லை. ஆனால் உங்கள் முடி சுருட்டையா, நேரா என்பதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதில் இந்தக் கந்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிடியைத் தளர்த்த மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு தனி சரித்திரம். ராஜாக்கள் கிடையாது, யுத்தம் கிடையாது. ஆனால் காயம்பட்டவர்கள் உண்டு.

முதல் ஆள் ஒரு பெண். பெயர் கேத்தரினா.

அவரிடம் வருவதற்கு முன்னால் பாரிஸை எட்டிப் பார்த்துவிடலாம். 1872-ல் அங்கே மார்செல் க்ராட்டோ என்ற முடிதிருத்துபவர், இரும்பு இடுக்கியை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, அதில் முடியைப் பிடித்து அலை அலையாக மடித்துவிடும் வித்தையைக் கண்டுபிடித்தார். சூடு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இடுக்கியால் ஒரு துண்டுக் காகிதத்தைக் கவ்வ வேண்டும். காகிதம் பழுப்பாகிவிட்டால் சூடு அதிகம், கொஞ்சம் ஆறவிடு. அவ்வளவுதான் தெர்மாமீட்டர்! 'மார்செல் அலை' ஐரோப்பா முழுக்கப் பிரபலமானது.

ஒரே ஒரு கஷ்டம். மழையில் நனைந்தால் போச்சு. தலைக்குக் குளித்தால் போச்சு. காலையில் கடல் அலை மாதிரி இருந்த கூந்தல் மாலையில் ஏரி மாதிரி சமமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் கார்ல் நெஸ்லர் நுழைகிறார். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் டோட்னாவ் என்ற சிற்றூரில் 1872-ல் பிறந்தவர். (மார்செல் இடுக்கியைக் கையில் எடுத்த அதே வருடம். இப்படியெல்லாம் சரித்திரத்தில் எப்போதாவது பொருந்தி வரும்.) முடிதிருத்தும் தொழில் கற்றுக்கொண்டு, ஸ்விட்சர்லாந்து, பாரிஸ் என்று சுற்றி, கடைசியில் லண்டனில் கடை போட்டார். ஊருக்கு ஏற்றாற்போல் பெயரையும் சார்லஸ் நெஸ்லே என்று மாற்றிக்கொண்டார். சாக்லேட் கம்பெனிக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தண்ணீர் பட்டாலும் கலையாத சுருட்டை வேண்டும். இதுதான் நெஸ்லரின் கனவு. யாருடைய தலையில் சோதித்துப் பார்ப்பது? காசு கொடுத்து வருகிற வாடிக்கையாளரிடமா முடியும்? வீட்டில்தான் ஒரு தலை இருக்கிறதே!

கேத்தரினா லைப்ளே, நெஸ்லரின் மனைவி. முதல் சோதனை அவர் தலையில் நடந்தது. முடி கருகிப் போனது, தலைத்தோலும் வெந்தது. சரி, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சாமான்களைத் திருத்திக்கொண்டு மறுபடி செய்தார். இரண்டாவது முறையும் அதே கதி. நாற்றத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அந்த வீட்டில் அன்றைக்கு யார் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. சரித்திரம் அதையெல்லாம் எழுதி வைக்கவில்லை. கண்டுபிடித்தவரின் பெயரை எழுதிவிட்டு, 'இரண்டு முறை தலை வெந்த மனைவி' என்று ஒரே வரியில் கேத்தரினாவைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஆனால் அந்த அம்மாள் மறுபடியும் தலையைக் கொடுத்தார். இந்த முறை பலித்தது.

1905-06 வாக்கில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் நெஸ்லர் தன் வித்தையை மற்ற முடிதிருத்துபவர்களுக்குச் செய்து காட்டினார். அந்தக் காட்சியை இன்று யாராவது பார்த்தால் ஏதோ சித்திரவதைக் கூடம் என்று போலீசுக்கு போன் செய்துவிடுவார்கள். முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் ஒரு பித்தளைத் தண்டில் சுற்ற வேண்டும். பிறகு மின்சாரத்தால் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டும். ஒரு தண்டின் எடை ஏறக்குறைய 900 கிராம். ஒரு தலைக்கு இப்படிப் பன்னிரண்டு தண்டுகள். மொத்தம் கிட்டத்தட்ட 11 கிலோ! அப்படியே தலையில் கட்டினால் கழுத்து என்னாவது? அதற்காக மேலே சரவிளக்கு மாதிரி ஒரு சட்டம் வைத்து, எதிர் எடைகள் கட்டி, தண்டுகள் தோலைத் தொடாமல் தொங்கவிட்டிருந்தார். ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிற நேரம்.

முடியில் என்ன தடவினார் என்று கேட்கிறீர்களா? ஆரம்பத்தில் பசு மூத்திரமும் தண்ணீரும் கலந்த கலவை என்று சொல்கிறார்கள். முகம் சுளிக்காதீர்கள், அதில் ரசாயனம் இருக்கிறது. மூத்திரம் பழசாகும்போது அம்மோனியா உண்டாகும். அம்மோனியா ஒரு காரம். காரம் பட்டால் முடி ஊதிக்கொண்டு இளகும். அவர் தேடியது அந்தக் காரத்தைத்தான். பின்னால் வந்தவர்கள் போராக்ஸ் அது இது என்று நாகரிகமான காரங்களுக்கு மாறினார்கள்.

முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியரான நெஸ்லர் லண்டனில் 'எதிரி நாட்டு ஆள்' ஆகிவிட்டார். 1915-ல் நியூயார்க்குக்குப் போய் இறங்கினார். போய்ப் பார்த்தால் அங்கே அவருடைய மெஷினைக் காப்பியடித்து ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். பாதி சரியாக வேலை செய்யவில்லை. ஒரிஜினல் ஆசாமியே வந்துவிட்டதால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. சிகாகோ, டெட்ராய்ட், பிலடெல்பியா என்று கிளைகள். 1928-ல் கம்பெனியைப் பெரும் தொகைக்கு விற்றார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்து அந்தப் பணத்தையும் விழுங்கிவிட்டது. 1951-ல் நியூஜெர்ஸியில் இறந்தார். அதற்குள் அவருடைய சரவிளக்கு மெஷினுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இப்போது ரசாயன வகுப்புக்குப் போகிறோம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஒரு முடியை ஏணிகளின் கட்டாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெடுக்காக ஓடும் மரங்கள்தான் கெரட்டின் என்னும் புரத இழைகள். குறுக்கே போட்ட படிகள்தான் அந்த இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகள். இந்தப் படிகளில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. எண்ணிக்கையில் ஏகப்பட்டது, ஆனால் பலவீனமானது. தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஈரத்தலையோடு படுத்துத் தூங்கி எழுந்தால் முடி ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு இதுதான் காரணம். மார்செலின் இடுக்கி வளைத்ததும் இந்த ரகத்தைத்தான். அதனால்தான் ஒரு குளியலோடு அவர் வித்தை முடிந்து போனது.

இரண்டாவது ரகம் கந்தகப் பாலம். ஓர் இழையிலிருந்து ஒரு கந்தக அணு, பக்கத்து இழையிலிருந்து ஒரு கந்தக அணு. இரண்டும் கைகோத்து நிற்கும். தண்ணீருக்கு இது அசையாது. இதை அவிழ்த்து, முடியை வேண்டிய வடிவத்துக்கு வளைத்து, மறுபடி புது இடத்தில் கோத்துவிட்டால் அந்த வடிவம் நிற்கும். நெஸ்லர் என்ன செய்தார்? காரமும் கொதிநீராவியும் சேர்த்து, இந்தப் பாலங்களை முரட்டுத்தனமாக உடைத்து மாற்றினார். பூட்டைச் சாவியால் திறக்காமல் கடப்பாரையால் நெம்புகிற மாதிரி. தான் நெம்புவது எதை என்று அவருக்கே தெரியாது.

சாவி அகப்பட்டது அழகு நிலையத்தில் இல்லை, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில். லியோனர் மிக்காயேலிஸ் அங்கே வேலை பார்த்த மேதை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு 'மிக்காயேலிஸ்-மென்டன் சமன்பாடு' என்றால் பரீட்சை ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். அதே மிக்காயேலிஸ்தான். யூதர் என்பதால் ஜெர்மனியில் அவர் தகுதிக்கேற்ற பதவி கிடைக்கவில்லை. ஜப்பானுக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அவரும் டேவிட் கோடார்ட் என்பவரும் சேர்ந்து 1934-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கெரட்டினை ஏன் எதனாலும் சுலபத்தில் கரைக்க முடிவதில்லை என்பது அவர்கள் கேள்வி. தயோகிளைகாலிக் அமிலத்தைக் காரக் கரைசலில் போட்டால் கந்தகப் பாலங்கள் சமர்த்தாக அவிழ்ந்துகொள்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். கொதிக்க வைக்க வேண்டாம், சாதாரண அறை வெப்பமே போதும்!

முடிதிருத்துபவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1938 வாக்கில் அர்னால்ட் வில்லட் என்பவர் சூடே இல்லாத 'கோல்டு வேவ்' முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் பெர்மிங் என்றால் பெரும்பாலும் இதுதான். முடியை பிளாஸ்டிக் உருளைகளில் சுற்றி, அம்மோனியம் தயோகிளைகோலேட்டைத் தடவினால் பாலங்களில் ஒரு பகுதி அவிழும். எல்லாம் அவிழ்ந்துவிடக் கூடாது. அவிழ்ந்தால் ஏணியே சரிந்து முடி கூழாகிவிடும். சரியான நேரத்தில் அலசிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் கந்தகங்கள் வளைந்த நிலையிலேயே புதிய ஜோடிகளோடு கைகோத்துவிடும். பார்லரில் 'நியூட்ரலைசர்' என்று ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பார்களே, அது இந்தக் கல்யாணத்தை முடித்து வைக்கும் புரோகிதர்.

அடுத்த பத்து வருடத்துக்குள் பெர்மிங் பாக்கெட்டில் அடைக்கப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டது. 'டோனி' என்ற பிராண்டுக்காரர்கள் இரட்டைச் சகோதரிகளின் படத்தைப் போட்டு, இதில் யார் பார்லருக்குப் போனவர், யார் டோனி போட்டவர் என்று அமெரிக்கா முழுக்கக் கேட்டார்கள். 1948-ல் ஜில்லெட் கம்பெனி கோடிக்கணக்கான டாலர் கொடுத்து டோனியை வாங்கியது. சவரம் செய்கிறவர்கள் சுருட்டிவிடுகிறவர்களை வாங்கிய கதை.

ஆச்சா? இதுவரைக்கும் நாம் பார்த்தது நேரான முடியைச் சுருட்டையாக்க ஆசைப்பட்டவர்களின் கதை. அதே அமெரிக்காவில், அதே வருடங்களில், இதற்கு நேர் எதிரான ஆசையோடு லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஆசை என்று சொல்வதுகூடத் தப்பு. கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி இயற்கையிலேயே இறுக்கமான சுருள். முடி முளைக்கும் குழியே வளைந்து இருப்பதால் வருகிற அமைப்பு அது. அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தாலும், வேலை கேட்டுப் போகிற கறுப்பினப் பெண்ணை மேலும் கீழும் பார்க்கிற கண்கள் மாறவில்லை. நேரான முடி என்றால் 'நல்ல முடி'. சுருள் முடி என்றால் 'வாராத தலை'. வெள்ளைக்காரப் பெண் சுருட்டிக்கொண்டால் அது ஃபேஷன். கறுப்பினப் பெண் நேராக்கிக்கொள்ளாவிட்டால் வேலைக்கே உலை வைத்துவிடும்.

இந்த இரண்டு உலகத்தையும் ஒரே மெஷினில் கட்டியவர் மார்ஜரி ஜாய்னர். சிகாகோவில் அழகுக்கலை படித்து, மேடம் சி.ஜே.வாக்கர் கம்பெனியில் சேர்ந்து, அதன் அழகுக்கலைப் பள்ளிகளை மேற்பார்வை பார்த்தவர். மேடம் வாக்கர், பெற்றோர் அடிமைகளாக இருந்த குடும்பத்தில் பிறந்து, கூந்தல் தைலம் விற்றே பெரும் செல்வந்தரான பெண்மணி. அவரைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். ஜாய்னருக்கு யோசனை வந்த இடம் சமையலறை. மாமிசத்துக்குள் கம்பிகளைச் செருகி வேக வைப்பார்கள், உள்ளேயும் சூடு பரவட்டும் என்று. அதே மாதிரி முடியில் கம்பிகளைச் சுற்றிச் சூடேற்றினால் என்ன? 1928-ல் பேட்டன்ட் வாங்கினார். நேரான முடியைச் சுருட்டலாம். நேராக்கிய முடிக்கு அழகான அலை கொடுக்கலாம். தலைத்தோல் வேகாமல் இருக்க ஒரு தடுப்பையும் யோசித்துச் சேர்த்திருந்தார். எத்தனை தலைகள் வெந்ததைப் பார்த்த பெண்மணியோ! பேட்டன்ட் உரிமை கம்பெனிக்குப் போனது. ஜாய்னருக்கு அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தேறவில்லை. ஆனால் அசரவில்லை. 1973-ல், 77 வயதில் கல்லூரிப் பட்டம் வாங்கினார். 98 வயதுவரை வாழ்ந்தார்.

மெஷினை விடுங்கள். நேராக்குவதற்கான ரசாயனம் கிடைத்த கதை இன்னும் வேடிக்கை. கிளீவ்லண்டில் கேரட் மார்கன் என்ற கறுப்பினத்தவர் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கம்பளித் துணி தைக்கும்போது ஊசி வேகமாக ஓடிச் சூடாகித் துணியைப் பொசுக்கிவிடும். அதைத் தடுக்க ஊசிக்கு மெருகு கொடுக்கும் திரவம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டார்கள். கையைப் பக்கத்தில் கிடந்த ரோமத் துணியில் துடைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் துணியில் சுருண்டு கிடந்த ரோமமெல்லாம் நேராக நின்றது!

அடுத்து யார்? நெஸ்லரைப் போல மார்கன் மனைவியைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் ஏர்டேல் ஜாதி நாய் ஒன்று இருந்தது. சுருள் முடிக்காரன். அதன்மேல் தடவினார். முடி எவ்வளவு நேரானது என்றால், சொந்த எஜமானருக்கே நாயை அடையாளம் தெரியவில்லையாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தலையிலேயே சோதித்துப் பார்த்து, 1913-ல் கிரீமாக விற்க ஆரம்பித்தார். இதே மார்கன்தான் பின்னாளில் புகைக்கவசம் செய்து, 1916-ல் ஈரி ஏரிக்கு அடியில் சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளர்களைக் காப்பாற்ற அதை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கியவர். அந்தக் கவசத்தை விற்கப் போகும்போது, கண்டுபிடித்தவர் கறுப்பர் என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள் என்று, வேறு ஒருவரின் உதவியாளர் மாதிரி நடித்திருக்கிறார். முடியை நேராக்கிக் கொடுத்தவராலும் நிறத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மார்கனின் கிரீம் வாங்கக் காசில்லாதவர்கள் வீட்டிலேயே காய்ச்சினார்கள். 1940-களில் கறுப்பின இளைஞர்களிடையே 'காங்க்' என்று ஒரு ஸ்டைல். மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில் இதன் செய்முறையை விவரிக்கிறார். உருளைக்கிழங்கு, முட்டை, ஒரு டப்பா காஸ்டிக் சோடா. ஆமாம், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊற்றுகிற அதே காஸ்டிக் சோடா! கிழங்கும் முட்டையும் அதைக் கொழகொழவென்று பிடித்து வைக்க. தலைத்தோலில் வாசலினை அப்பிக்கொண்டு, மேலே இதைத் தடவி, எரிச்சல் தாங்காமல் துடிக்கத் துடிக்க வாரிவிடுவார்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறாயோ அவ்வளவு நேராக முடி வரும். பாஸ்டனில் ஒரு நண்பர்தான் மால்கமுக்கு முதலில் செய்துவிட்டார். கண்ணாடியில் பார்த்து அன்றைக்குப் பூரித்துப் போனதையும், பல வருடம் கழித்து அது தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதல் பெரிய காரியம் என்று உணர்ந்ததையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அன்றைய இசை நட்சத்திரங்கள் நாட் கிங் கோல், சக் பெர்ரி, ஜேம்ஸ் பிரவுன் எல்லோர் தலையிலும் இந்த மாதிரி நேராக்கிய முடிதான் பளபளத்தது.

காஸ்டிக் சோடா உள்ளே போய் என்ன செய்கிறது என்பது முக்கியம். தயோ, கந்தகப் பாலத்தை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நிற்கும், மறுபடி கோத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன் அல்லவா? காஸ்டிக் சோடா அப்படி இல்லை. இரண்டு கந்தகத்தில் ஒன்றைப் பிடுங்கியே எறிந்துவிடும். மிச்சமிருக்கும் ஒற்றைக் கந்தகத்தோடு ஒரு புதிய, குட்டையான பாலம் உண்டாகும். லான்தியோனைன் என்று பெயர். இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த நியூட்ரலைசராலும் முடியாது. நேராகிவிட்ட முடி நேரானதுதான். ஆனால் வேரிலிருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புது முடி வந்துகொண்டே இருக்குமே, அதற்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. அது பாட்டுக்குச் சுருண்டுகொண்டு வரும். ஆகவே ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி காரம், மறுபடி எரிச்சல். பத்து வயதில் ஆரம்பித்த பெண் ஐம்பது வயதுவரை! 'பெர்மனென்ட்' என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

இந்த வீட்டுக் காய்ச்சலை ஒழுங்கான கிரீமாக்கியவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் ஜார்ஜ் ஜான்சன். 1954-ல் கம்பெனி ஆரம்பிக்கக் கடன் கேட்டுப் போனார். தொழில் தொடங்க என்றதும் கிடையாது என்றார்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு கிளைக்குப் போய், மனைவியோடு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். உடனே 250 டாலர் கொடுத்தார்கள். கறுப்பர் காசைக் கரைப்பதற்கு என்றால் கடன் உண்டு, சம்பாதிப்பதற்கு என்றால் கிடையாது! அந்த 250 டாலரில் கிளம்பிய ஜான்சன் ப்ராடக்ட்ஸ், 1971-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் கறுப்பினக் கம்பெனி ஆனது.

இதற்கு நடுவே 1960-களில் காற்று திசை மாறியது. கறுப்பே அழகு என்ற முழக்கத்தோடு, சுருள் முடியை வெட்டாமல் நேராக்காமல் உருண்டையாக வளர்க்கும் 'ஆஃப்ரோ' வந்தது. ஜேம்ஸ் பிரவுனே 1968-ல் நேராக்குவதை விட்டார். ஜான்சன் அசந்து உட்காரவில்லை. ஆஃப்ரோவுக்கும் ஒரு தைலம் தயார் செய்து விற்றார். வியாபாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் 1975-ல் அரசாங்கம் கதவைத் தட்டியது. இந்த கிரீமில் இருக்கும் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்று டப்பாவில் அச்சிடு என்றது ஃபெடரல் டிரேட் கமிஷன். நியாயமான உத்தரவுதான். என்ன ஒன்று, அதே மாதிரி காஸ்டிக் கிரீம் விற்றுக்கொண்டிருந்த வெள்ளையர் கம்பெனியான ரெவ்லானுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனது. அந்த இடைவெளியில் கடைக்குப் போன பெண்மணி இரண்டு டப்பாவையும் எடுத்துப் பார்த்திருப்பார். ஒன்றில் அபாய எச்சரிக்கை. இன்னொன்று சுத்தமாக இருக்கிறது. எதை வாங்குவார்? ஜான்சனின் சந்தை சரிய ஆரம்பித்தது. உள்ளே இருந்த சரக்கோ இரண்டிலும் ஒன்று.

எரிச்சலும் புண்ணும் ஆறிவிடும். ஆறாதது ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு ரொம்ப நாள் பதில் இல்லை. 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முடியை ரசாயனத்தால் நேராக்கிக்கொள்ளாத பெண்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருடத்துக்கு நாலு முறைக்கு மேல் நேராக்கிக்கொள்பவர்களுக்கு 4.05 சதவீதம். தொடர்பு தெரிகிறது, எந்த ரசாயனம் காரணம் என்று அந்த ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அலற வேண்டாம். ஆனால் நேராக்கிக்கொண்டதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள் என்பதையும் கவனியுங்கள். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 2019-ல், கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. இயற்கையான சுருள் முடியோடு வருகிறவரை அதற்காக வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒதுக்கக் கூடாது என்று. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். மார்கனின் நாய்க்கு முடி நேராகி நூறு வருடத்துக்கு மேல் கழித்து!

'சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்கிறீர்களா? உங்கள் தெருமுனை பார்லர் போர்டை ஒரு தரம் படியுங்கள். ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட். நம் பெண்களின் அலை அலையான முடிக்கும் இப்போது நேர்கோடு வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் வாரம் ரீபாண்டிங் என்பது புடவை எடுப்பது மாதிரி ஆகிவிட்டது.

ரீபாண்டிங் என்பது ஜப்பான் வழி வந்த முறை. உள்ளே இருப்பது மிக்காயேலிஸின் அதே தயோதான். சுருட்டுவதற்குப் பதில் இஸ்திரி போட்டு நேராக்கி, பெராக்சைடால் பூட்டிவிடுகிறார்கள். கெரட்டின் ட்ரீட்மென்ட், ஸ்மூத்தனிங் என்று போகிறவற்றில் பல வேறு ஜாதி. அவை கந்தகப் பாலத்தைத் தொடாமல், இழைகளுக்கு நடுவே ஃபார்மால்டிஹைடால் புதிதாக முட்டுக் கொடுத்து நிறுத்துகின்றன. கல்லூரி லேபில் தவளையை ஊறப் போடுகிற ஃபார்மலின்தான், தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு. அதைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. 2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்லர் ஊழியர்கள் மூச்சுத் திணறல், மூக்கில் ரத்தம் என்று புகார் செய்ய, அதிகாரிகள் பாட்டிலைச் சோதித்தார்கள். 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று லேபிளில் போட்டிருந்தது. உள்ளே தாராளமாக இருந்தது. இந்த முறை அவதிப்பட்டது நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டும் இல்லை. நாள் முழுக்கப் பின்னால் நின்று, இஸ்திரியில் எழும் புகையைச் சுவாசித்தவரும்தான்.

ஃபார்மால்டிஹைடு வேண்டாமென்று கிளையாக்ஸிலிக் அமிலத்துக்கு மாறியவர்களும் உண்டு. ஓர் இளம்பெண்ணுக்கு இதைப் போட்டுக்கொண்ட ஒவ்வொரு முறையும், மூன்று தடவை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக ஃபிரான்ஸ் டாக்டர்கள் 2024-ல் எழுதினார்கள். உடம்புக்குள் போன அமிலம் ஆக்ஸலேட் படிகமாக மாறிச் சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறதாம்.

பார்லருக்குப் போகவே கூடாது என்று சொல்ல நான் யார்? உங்கள் தலை, உங்கள் முடி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும், அந்த அக்காவிடம் பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். 'தயோ' என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது சாவி ரகம். 'ஹைட்ராக்சைடு' என்று முடிந்தால் பிடுங்கி எறிகிற ரகம். ஒன்று போட்ட முடியில் இன்னொன்றைப் போடவே கூடாது. ஏணியில் படியே மிஞ்சாது, முடி கொத்தோடு கையில் வரும். முன்னால் என்ன போட்டீர்கள் என்று அந்த அக்காவே உங்களைக் கேட்க வேண்டும். கேட்டால், காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கொத்தில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காமலே கிண்ணத்தில் கலக்க ஆரம்பித்தால், கேத்தரினாவை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.